கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகள்

இந்தோனேசியாவில், மேற்கு சுமத்ராவின் பாடாங் பஞ்சாங் ஊரில், அண்ணன் நடத்திய தீனிய்யா பள்ளியில்தான் ரஹ்மா அல்யூனுசிய்யா ஓதினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் வகுப்பு. தொழுகை, நோன்பு என்று பாடம் போகும்போது மாதவிலக்கு, பேறுகாலம் பற்றிய சட்டங்களும் வரும். பையன்கள் நடுவில், ஆண் உஸ்தாதிடம், எந்தப் பெண் வாய் திறந்து சந்தேகம் கேட்பாள்? தன் வாழ்க்கைக்குத் தேவையான மார்க்கச் சட்டம் தெரியாமலே அவள் வீடு திரும்பினாள்.

அந்தக் கேள்விகளுக்கு ஓர் இடம் வேண்டுமென்று 1923 நவம்பர் 1 அன்று பெண்களுக்கான தீனிய்யா புத்ரி பள்ளியை ரஹ்மா தொடங்கினார். பள்ளிவாசலில், தரையில் உட்கார்ந்து பாடம். முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள்.

மறு ஆண்டே அண்ணன் மௌத்தானார். 1926 நிலநடுக்கம் ஊரையே சாய்த்தது. ரஹ்மா மூங்கில் கொட்டகை போட்டு வகுப்பைத் தொடர்ந்தார். மலாயா வரை போய் நிதி திரட்டிக் கட்டடம் எழுப்பினார். அப்போது ஆண்ட டச்சு அரசு மானியம் தருவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டார். பணம் வாங்கினால் பாடத்திட்டத்திலும் கை வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் செய்தவற்றில் நான் மிகப் பெரிதாக நினைப்பது இந்த மறுப்பைத்தான்.

1955இல் எகிப்தின் அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் தலைவர் அப்துர் ரஹ்மான் தாஜ் நேரில் வந்து இந்தப் பள்ளியைப் பார்த்தார். 1957இல் அல் அஸ்ஹர் ரஹ்மாவுக்கு ‘ஷைக்கா’ (பெண் மார்க்க அறிஞர்) பட்டம் வழங்கியது. அதற்குமுன் எந்தப் பெண்ணுக்கும் அது கிடைத்ததில்லை. ஆயிரமாண்டுப் பழமையுள்ள அல் அஸ்ஹர் பெண்களுக்கெனக் கல்லூரி திறந்தது அதற்கும் பிறகுதான், 1962இல்.

ரஹ்மாவின் பள்ளியைப் போலவே பெண்களுக்கென உள்ள நம் பக்கத்து நிஸ்வான் மதரஸாக்களிலும் ஆண்டுதோறும் ஆலிமாக்கள் பட்டம் பெறுகிறார்கள். ஓதிக்கொடுப்பது அவர்கள். விடுதியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடிய விழித்திருப்பதும் அவர்களே. ஆனால் பல இடங்களில் பாடத்தை மாற்றுவதும் சம்பளத்தைத் தீர்மானிப்பதும் காசோலையில் கையெழுத்துப் போடுவதும் ஆண்கள் மட்டுமே உள்ள நிர்வாகக் குழு. அந்த நிர்வாகிகளின் உழைப்பையோ நல்லெண்ணத்தையோ நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த வகுப்பில் எந்தப் பெண் எதைக் கேட்கத் தயங்குகிறாள் என்பது அங்கே ஓதிக்கொடுக்கும் ஆலிமாவுக்குத்தான் தெரியும். அடுத்த முறை நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெயரையும் எழுதுங்கள்; கையெழுத்து அதிகாரத்தோடு எழுதுங்கள்.