வாடகைக்கு வாங்கும் வெளிச்சம்

சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுப்பது செல்வ நாடுகளின் ஆடம்பரம். ஏழை நாட்டுக்கு எண்ணெயும் நிலக்கரியுமே சிக்கனம் என்று வாதிப்போர் இன்னும் உளர். அன்னார் 2022ஆம் ஆண்டின் இலங்கையைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

அவ்வாண்டு அந்நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. கடன் சுமையும் வரிக் குறைப்பும் அதற்குக் காரணங்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் டாலர் இல்லாததால் டீசல் இல்லை. டீசல் இல்லாததால் மின்சாரம் இல்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நாடு இருளில் கிடந்தது. எரிபொருள் வரிசையில் நின்றவாறே உயிர் நீத்தோரும் உண்டு. ஆனால் 2020 டிசம்பரில் மன்னாரில் திறக்கப்பட்ட காற்றாலைகள் சுழல்வதற்கு எந்தக் கப்பலும் வரவேண்டியிருக்கவில்லை!

"சூரியத் தகடுகளுக்கும் டாலர்தானே வேண்டும்?" என்பர். ஆம். ஆனால் ஒருமுறை வாங்கிய தகடு ஏறத்தாழ 25 ஆண்டுகள் உழைக்கும். டீசலோ எரிந்த அன்றே புகை. முன்னது சொந்த வீடு. பின்னது, வாடகையை அயலான் விருப்பம்போல் உயர்த்தும் குடக்கூலி வீடு. அச்சொந்த வீட்டின் விலையும் சரிந்துவிட்டது: 2010க்கும் 2023க்கும் இடையே உலகில் புதிய சூரிய மின்நிலையங்களின் உற்பத்திச் செலவு சுமார் 90 விழுக்காடு குறைந்துள்ளது.

"இரவில் என் செய்வது?" என்பது அடுத்த வினா. பகலில் கதிரவனைக் கொண்டு சமாளித்தால், மகாவலி நீர்த்தேக்கங்களின் நீரை இரவுக்கெனச் சேமிக்கலாமே! மின்கலங்களும் மலிந்து வருகின்றன.

இலவசமாய் வரும் ஒளியை விடுத்து, கடன் வாங்கிப் புகையை விலைக்குக் கொள்வதா சிக்கனம்? அறிவுடையோர் தீர்ப்பளிக்கட்டும்.