வாடைக்காற்றும் நம் கரையும்

நாவலொன்றைப் படமாக்குதல் என்பது அதன் கதையை எடுத்துக்கொள்வது மாத்திரந்தானா? கைப்பேசியே படக்கருவியாகிவிட்ட இந்நாளில், நம் கல்முனைக் கரையோர ஊர்களிலும் இளைஞர் படமெடுக்க முற்படுகின்றனர். ஆதலின் இவ்வினாவை ஆராய்தல் காலத்திற்கு ஏற்றதாகும்.

இலங்கைத் தமிழர்க்கு இதிலே நல்லதோர் முன்மாதிரி உண்டு. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973ஆம் ஆண்டு வீரகேசரி வெளியீடாக வந்தது. பருவகாலத்தில் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவர் வாழ்வே அந்நாவலின் பொருள். பிரேம்நாத் மொறாயஸ் இயக்க, 1978இல் அது திரைப்படமாயிற்று.

தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உணவும் புள்ளும் தொழிலும் பிறவும் கருப்பொருள். கூடலும் பிரிதலும் இரங்கலும் போன்ற ஒழுக்கமே உரிப்பொருள். உரிப்பொருளை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஏனை இரண்டையும் உதறிவிடின், எஞ்சும் கதை எவ்வூருக்கும் உரியதன்று. புவியியல் கற்றவரான செங்கை ஆழியான் தம் நாவலுக்குக் காற்றின் பெயரையே இட்டமை நோக்கற்பாலது. அம்மக்களின் தொழிலையும் பேச்சையும் கைவிடாமையே அப்படத்தின் சிறப்பு.

சிங்களத்திலும் இதற்குச் சான்றுண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் வெளியிட்ட 'கம்பெரலிய', தென்கரைக் கிராமமொன்றின் குடும்பக் கதை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் அதனைப் படமாக்கினார். ஆடலும் பாடலும் புகுத்தாமல் எடுக்கப்பட்ட அப்படம் 1965இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்றது.

நம் கரையின் நிலை யாது? கிழக்கே கரைவலை இழுக்கும் நெய்தல். மேற்கே சிறிது தூரம் நடந்தால் வட்டையும் வாய்க்காலுமாய் மருதம். இடையே மருதமுனையின் தறியோசை. போடியாரும் முல்லைக்காரரும் வட்டை விதானையும் உலவிய வாழ்வு இது. இத்துணைக் கருப்பொருள் இருந்தும், வாப்பாவும் உம்மாவும் திரையிலே சென்னைப் பேச்சுப் பேசுவாராயின், அது பெரியதோர் இழப்பன்றோ?

நம் பேச்சு பிறர்க்கு விளங்காது என்பர் சிலர். 1977இல் வந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' தமிழ்நாட்டுக் கிராமப் பேச்சோடு வந்தது; நாம் அதனை விளங்கிக்கொண்டோம். நம் 'மறுகா'வை மாத்திரம் அவர்கள் விளங்கிக்கொள்ளமாட்டார்களோ? கேட்கக் கேட்கவே ஒரு வட்டாரத்தின் பேச்சு மற்றொரு வட்டாரத்தாரின் செவிக்குப் பழகும். கேட்கச் செய்யாமலே விளங்காதென்று தீர்ப்பளித்தல் முறையன்று.

இதிலே காலந்தாழ்த்தவும் இயலாது. அறுவடை இயந்திரம் வந்தபின் சூடு மிதித்தல் அருகிவிட்டது. அதனோடு களத்துச் சொற்களும் அருகுகின்றன. 2004ஆம் ஆண்டுச் சுனாமி கடலோரக் குடியிருப்புகள் பலவற்றை இடம்பெயர்த்துவிட்டது. பழைய தொழிற்சொற்களை நாவிலே வைத்திருப்போர் முதியோரே.

ஆகவே ஆசிரியர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கிழக்கிலங்கை எழுத்தாளரின் கதையொன்றை மாணவரிடம் கொடுத்து, அதிலுள்ள தொழிற்சொற்களை முதியோரிடம் கேட்டு எழுதிவரச் செய்க. படக்கருவியைக் கையிலெடுப்பது அதன் பின்னர் ஆகுக.