கரண்ட் கம்பிக்குக் கீழே கீரைப் பாத்தி: ஒரு பி.காம். கணக்கு

நகரத்துக்குள் விவசாயம் என்று யாராவது ஆரம்பித்தால் நமக்கு உடனே மொட்டை மாடியும் நீலக்கலர் பிளாஸ்டிக் டிரம்மும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்ல வருவது அது இல்லை. மாடித்தோட்டம் வீட்டுச் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும், அவ்வளவுதான். அதை வைத்து ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. விற்றுச் சம்பாதிக்கும் அளவுக்குப் பயிர் செய்ய வேண்டும் என்றால் நிலம் வேண்டும். நகரத்தில் நிலம் வாங்கி வெண்டைக்காய் போட்டால் வட்டி கட்டவே வெண்டைக்காய் பத்தாது :)

ஆனால் ஒரு வகை நிலம் நகரத்துக்குள்ளேயே சும்மா கிடக்கிறது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில், ராட்சதக் குடிநீர்க் குழாய்க்கு மேலே, ஹை டென்ஷன் லைனுக்குக் கீழே, துணை மின்நிலையத்துக் காம்பவுண்டுக்குள். அங்கே கட்டடம் கட்ட முடியாது, கட்டவும் விடமாட்டார்கள். அதனால் ரியல் எஸ்டேட்காரர்களுக்கு அது வேண்டாத இடம். விவசாயத்துக்கோ கட்டடமே தேவையில்லை. இப்படி ஒரு பொருத்தம் எந்த ஜாதகத்திலும் கிடைக்காது.

அப்படியானால் ஏன் நடக்கவில்லை? நடக்கும் இடங்களில் ஏன் சில நன்றாகவும் சில கேவலமாகவும் நடக்கின்றன? என் பதில் இதுதான்: பிரச்சினை மண்ணிலோ விதையிலோ இல்லை, குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது. காமர்ஸ் படிக்கிற எனக்கு விவசாயம் தெரியாது. பத்திரம் கொஞ்சம் தெரியும். அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் பேசுகிறேன்.

முதலில் நல்ல உதாரணங்கள்.

பிரேசிலில் சாவோ பாவ்லோ. அந்த மாநகரத்தின் கிழக்குப் பகுதி ஏழைகளும் வேலையில்லாதவர்களும் நிறைந்த இடம். அங்கே ஹான்ஸ் டீட்டர் டெம்ப் என்பவர் 2004ல் 'சிதாதெஸ் செம் ஃபோமே' என்ற அமைப்பைத் தொடங்கினார். 'பசியில்லா நகரங்கள்' என்று அர்த்தம். மின்கம்பிகளுக்குக் கீழே குப்பையும் புதருமாகக் கிடந்த நிலத்தைக் கேட்டு வாங்கித் தோட்டம் போட்டார்கள். வேலை செய்பவர்கள் அந்தப் பகுதி மக்கள்தான். அதில் வயதைக் காரணம் காட்டி வேறு எங்கும் வேலை கிடைக்காதவர்கள் நிறைய. விளைந்ததை அக்கம்பக்கத்திலேயே விற்று, அந்தப் பணத்தில் வாழ்கிறார்கள். மின்சாரக் கம்பெனிக்கு என்ன லாபம்? புதர் வெட்டும் செலவு மிச்சம், குப்பை கொட்டுபவர்கள் வரமாட்டார்கள், ஆக்கிரமிப்பு கிடையாது.

அர்ஜென்டினாவில் ரொசாரியோ. 2001ல் அந்த நாட்டின் பொருளாதாரமே கவிழ்ந்தது. அடுத்த வருடம், 2002ல், அந்த நகராட்சி ஒரு நகர்ப்புற விவசாயத் திட்டத்தைத் தொடங்கியது. ரயில் பாதையோரம், நெடுஞ்சாலையோரம் என்று சும்மா கிடந்த பொது நிலங்களை வேலை இழந்த குடும்பங்களுக்குப் பயிர் செய்யக் கொடுத்தார்கள். நெருக்கடி முடிந்ததும் பிடுங்கிக்கொள்ளவில்லை, நகரத் திட்டத்துக்குள்ளேயே தோட்டங்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். கிட்டத்தட்ட 20 வருடம் கழித்து, 2021ல், உலக வள நிறுவனத்தின் ராஸ் மையம் நகரங்களுக்குத் தரும் பரிசு இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

மூன்றாவது, கலிஃபோர்னியாவில் சுனோல். சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிநீர் கொடுக்கும் வாரியத்துக்கு நகரத்துக்கு வெளியே அங்கே நிலம் இருக்கிறது. அதில் 18 ஏக்கரை ஒரு தொண்டு நிறுவனம் 2006ல் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, சிறு விவசாயிகளுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தது. வாரியத்துக்கு இருபது பேரோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் இல்லை, ஒரே ஆளோடு பேசினால் போதும். விவசாயிக்குத் தண்ணீர் இணைப்பு, வேலி எல்லாம் பொதுவில் கிடைக்கிறது. சிம்பிளான ஏற்பாடு, ஆனால் அருமையான ஏற்பாடு.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். "நம்ம ஊரில் இதெல்லாம் நடக்காது பாஸ்" என்று சொல்லாதீர்கள். பல வருடமாக நடந்த விஷயம் இது. இந்திய ரயில்வேயில் 'குரோ மோர் ஃபுட்' என்று ஒரு திட்டம் உண்டு. தண்டவாளத்தை ஒட்டிய காலி நிலத்தை குரூப் சி, டி ஊழியர்களுக்குப் பயிர் செய்ய உரிமம் கொடுப்பார்கள். ஆக்கிரமிப்பைத் தடுப்பதும் இதில் ஒரு நோக்கம். மும்பையில் லோக்கல் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், பாதையோரம் பாலக்கும் முளைக்கீரையும் வெண்டையும் பச்சைப் பசேல் என்று இருந்தன. ஆனால் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீரைப் பாய்ச்சி வளர்த்தார்கள் என்பதும் பல வருடப் புகார். உரிமம் வாங்கியவர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர் என்பதும் பத்திரிகைகளில் வந்த செய்திதான்.

உடனே நாம் என்ன சொல்வோம்? "பாருங்க, காசுக்காக ஜனங்களுக்கு விஷத்தைக் கொடுக்கிறானுங்க." கொஞ்சம் நில்லுங்க. அந்த மனிதரின் இடத்தில் இருந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏக்கர் நிலம். கல்லும் ஜல்லியும் கலந்த மண்ணை விவசாய மண்ணாக்கத் தொழு உரம், மண்புழு உரம் என்று 1,20,000 ரூபாய் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். (எண் கணக்குக்காகத்தான், சந்தை விலை இல்லை.) குத்தகை 10 வருடம் என்றால் இந்தச் செலவு மாதத்துக்கு 1,000 ரூபாய். 11 மாத உரிமம் என்றால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட 10,900 ரூபாய். அதே மண், அதே எரு, அதே உழைப்பு. பத்திரத்தில் உள்ள காலம் மட்டும்தான் வித்தியாசம். அடுத்தவர் இடத்தில் நாம் செய்யும் மேம்பாட்டுச் செலவைக் குத்தகைக் காலத்துக்குள் கழிக்க வேண்டும் என்பது நமக்கு அக்கவுண்ட்ஸில் சொல்லிக் கொடுக்கும் பாலபாடம். சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பலாம். மண்ணில் கலந்த எருவைச் சுருட்ட முடியாது.

அப்போது அவர் என்ன செய்வார்? மண்ணில் பணம் போடமாட்டார். போர் போடமாட்டார், பக்கத்தில் ஓடுவதைப் பாய்ச்சுவார். முருங்கையோ எலுமிச்சையோ வைக்கமாட்டார், ஒரே மாதத்தில் காசாகும் பயிரைப் பார்ப்பார். அது என்ன? கீரை. சிறுகீரை விதைத்தால் 25, 30 நாளில் பிடுங்கி விற்றுவிடலாம். நாளைக்கே வெளியே போகச் சொன்னாலும் பெரிய நஷ்டம் இல்லை.

கொடுமை என்னவென்றால், கெட்ட மண்ணிலும் கெட்ட தண்ணீரிலும் வளர்க்கவே கூடாத பயிர் கீரைதான். ஈயம், காட்மியம் மாதிரியான உலோகங்கள் பொதுவாகக் காயை விட இலையில்தான் அதிகம் சேரும். ஆக குறுகிய கால உரிமம் மனிதரைக் கீரை பக்கம் தள்ளுகிறது, அதே உரிமம் அவரைச் சாக்கடைத் தண்ணீர் பக்கமும் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து நம் தட்டில் வந்து விழுகிறது. இதை அந்த ஆளின் பேராசை என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

இந்த 11 மாதம் எங்கிருந்து வந்தது? பிசினஸ் லா வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1908ம் வருடப் பதிவுச் சட்டத்தின் 17வது பிரிவுப்படி, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்க எல்லோரும் 11 மாதம் போடுவார்கள். அரசுத் துறைகள் இன்னும் ஒரு படி மேலே. குத்தகை என்றே சொல்லாமல் 'உரிமம்' என்பார்கள். குத்தகை என்றால் நிலத்தை அனுபவிக்கும் உரிமையே கைமாறுகிறது. உரிமம் என்றால் வெறும் அனுமதி, நிலத்தில் எந்த உரிமையும் கிடையாது, கொடுத்தவர் பெரும்பாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு வேடிக்கை. 1882ம் வருடச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 108வது பிரிவில் ஒரு நல்ல விதி இருக்கிறது. கால வரையறை இல்லாத குத்தகை, குத்தகைதாரர் மேல் தப்பு இல்லாமல் முடிந்தால், அவர் விதைத்து நிற்கும் பயிர் அவருக்கே சொந்தம், வந்து அறுத்துக்கொண்டு போகலாம். அட, நல்லா இருக்கே என்று பக்கத்தைத் திருப்பினால் 117வது பிரிவு நிற்கிறது. மாநில அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, இந்த அத்தியாயமே விவசாயக் குத்தகைக்குப் பொருந்தாதாம்! பயிரைப் பற்றிய விதி, பயிர் செய்பவனுக்குத் தானாகக் கிடைக்காது. அதனால் வேண்டியதை எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

சரி, துறைகளின் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். அவர்கள் பயம் பொய்யில்லை. குழாய் வெடித்தால் அந்த நிமிடமே தோண்ட வேண்டும். புதுப் பாதை போட நிலம் வேண்டும். "கொடுத்தால் திரும்பி வராது" என்ற பயம் எல்லா நில உடைமையாளருக்கும் உண்டு. மேலும் நம் நாட்டில் மின்கம்பி போகும் நிலம் பெரும்பாலும் மின்வாரியத்துக்குச் சொந்தமே இல்லை, நில உரிமையாளரிடம்தான் இருக்கிறது. அதனால் பிரேசிலை அப்படியே காப்பி அடிக்க முடியாது. நமக்கு ரயில்வே, குடிநீர் வாரியம், மின்வாரியத்தின் சொந்த வளாகங்கள், இவைதான் வழி.

அதுவே கொஞ்சநஞ்சம் இல்லை. ரயில்வேயிடம் 4.8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிலம் இருக்கிறது. அதில் சுமார் 62,000 ஹெக்டேர் காலி என்று ரயில்வே அமைச்சகமே கணக்குச் சொல்லியிருக்கிறது. 2011ல் விரிந்த சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே 42,600 ஹெக்டேர்தான்! அந்தக் காலி நிலத்தில் பெரும்பகுதி பாதையோரமாக நீளும் குறுகிய பட்டைகள். எதிர்கால வேலைகளுக்குத் தேவை என்பதும் உண்மை. ஆனாலும் பத்தில் ஒரு பங்கு பத்து வருடத்துக்குக் கிடைத்தால் கூட எத்தனை குடும்பம்!

என் கோரிக்கை ஐந்தே ஐந்து ஷரத்துகள்தான்.

ஒன்று, காலம் குறைந்தது ஏழு முதல் பத்து வருடம், பதிவு செய்த பத்திரம். நிலம் திரும்பி வரவேண்டிய தேதி அதிலேயே தெளிவாக இருக்கட்டும். துறையின் பயத்துக்கும் அதுதான் மருந்து.

இரண்டு, நடுவில் நிலம் வேண்டும் என்றால் ஒரு பயிர்க்காலம் முன்னதாக நோட்டீஸ். அவசரம் என்றால் உடனே நுழையலாம், ஆனால் அழிந்த பயிருக்குப் பணம். பராமரிப்பு வண்டி போக ஒரு பாதையை எப்போதும் காலியாக விட வேண்டும், உயர வளரும் மரமும் நிரந்தரக் கட்டடமும் கூடாது. இது விவசாயி தரப்புக் கடமை.

மூன்று, மண் பரிசோதனை. நிலத்தைக் கொடுக்கும்போது ஒரு முறை, திரும்ப வாங்கும்போது ஒரு முறை. முதல் பரிசோதனையில் உலோகம் அதிகம் என்றால் கீரை கிடையாது, பூச்செடி போடட்டும். கடைசிப் பரிசோதனையில் மண் வளமாகியிருந்தால் அதற்கு ஒரு தொகை விவசாயிக்கு. அப்போதுதான் கடைசி வருடத்திலும் எரு போடுவார்.

நான்கு, தண்ணீர். நிலம் கொடுப்பவர் நல்ல தண்ணீருக்கு வழி காட்டாமல் நிலம் கொடுக்கவே கூடாது. போர், மழைநீர்க் குட்டை, முறையாகச் சுத்திகரித்த நீர், ஏதாவது ஒன்று.

ஐந்து, ஏலம் வேண்டாம். அதிக வாடகை கேட்பவருக்கே நிலம் என்றால், ஜெயித்தவர் அந்த வாடகையை மண்ணிலிருந்தும் கூலியிலிருந்தும்தான் பிழிந்து எடுப்பார். வாடகை குறைவாக, நிலையாக இருக்கட்டும். பயிர் செய்பவரின் பெயரே பத்திரத்தில் இருக்கட்டும். சுனோல் மாதிரி நடுவில் ஒரு சங்கமோ மகளிர் சுய உதவிக் குழுவோ இருக்கலாம், ஆனால் அதுவும் உழைப்பவர்களின் பெயர்ப் பட்டியலோடு.

"வாடகையைக் குறைத்தால் துறைக்கு நஷ்டமாச்சே?" என்று ஒரு காஸ்டிங் புலி கேட்கலாம் :) இப்போது அந்த நிலத்தில் வரும் வருமானம் பெரும்பாலும் பூஜ்யம். புதர் வெட்டக் கூலி, ஆக்கிரமிப்பை எடுக்க வழக்குச் செலவு, குப்பை அள்ளச் செலவு. அதெல்லாம் மிச்சமாவதையும் வரவில் எழுதுங்கள், பிறகு பேசுவோம்.

இதனால் நகரத்துக்கே சோறு போட முடியுமா? முடியாது. நெல்லும் பருப்பும் கிராமத்திலிருந்துதான் வரவேண்டும், வரட்டும். ஆனால் காலையில் பறித்தால் சாயங்காலத்துக்குள் வாடிப்போகும் கீரையும், கொத்தமல்லியும், புதினாவும் பக்கத்திலேயே விளைவதில் நியாயம் இருக்கிறது. லாரி வாடகை கிடையாது, வழியில் அழுகுவது குறையும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும். அது போதும்.

நிலைத்த விவசாயம் என்றதும் எல்லோரும் உரத்தையும் பூச்சிமருந்தையும் பற்றித்தான் பேசுகிறார்கள். 11 மாதத்தில் கிளம்பச் சொல்லப்போகும் ஒருவரிடம் போய் "மண்ணைக் காப்பாற்று" என்று உபதேசம் செய்வதில் அர்த்தமே இல்லை. மண் நிலைக்க வேண்டும் என்றால் முதலில் அதில் நிற்கும் மனிதர் நிலைக்க வேண்டும். அதற்குத் தேவை ஒரு முத்திரைத்தாளும், அதில் நாலு நேர்மையான வரிகளும். எழுத வேண்டியது அரசாங்கம். எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியது, அந்தக் கீரையைச் சாப்பிடும் நாம்.