வண்ணம் அடித்தால் துரு போகாது

நீலகிரியில் தேயிலையும் மலைக்காய்கறியும் பயிரிடும் சிறு விவசாயிகள் பலரிடம் பழைய ஜீப் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. 1940களின் பிற்பகுதியில் மகிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த வண்டிகளும், 1980களில் வந்த எம்.எம்.540 வண்டியும் லாரி ஏறாத தோட்டப் பாதைகளில் பசுந்தேயிலையையும், கேரட் மூட்டையையும், உர மூட்டையையும் சுமந்து வருகின்றன. எஞ்சின் பழுதானால் பிரித்துச் சீர்செய்யப் பழகிய மெக்கானிக் இருக்கிறார். ஆனால் இத்தகைய வண்டிக்கு எஞ்சின் கோளாறைவிடப் பெரிய எதிரி துருதான்.

பழைய வண்டியைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது பெயிண்டரை. ஓட்டை விழுந்த தகரத்தில் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வண்ணம் அடித்துவிட்டால் வண்டி புதிதாகிவிட்டது என்று நம்புகிறார்கள். இது சரியல்ல. துருவின் மேல் அடித்த வண்ணம், சீழ் கட்டிய புண்ணைக் கழுவாமல் மேலே துணி சுற்றியதற்கு ஒப்பாகும். செலவிடும் பணத்தின் முதல் பங்கு வண்டியின் அடிப்புறத்துக்கும் பிரேக்குக்கும் போக வேண்டும். மிஞ்சுவது வண்ணத்துக்குப் போதும்.

மலையில் துரு விரைவது ஏன்?

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை வருகிறது. இடைப்பட்ட நாட்களில் மூடுபனி. ஆக, நனைந்த இரும்பு நன்றாக உலர இங்கே அவகாசம் குறைவு.

ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் துரு பன்மடங்கு விரைகிறது. தேயிலைக்கு யூரியாவுடன் மியூரியேட் ஆப் பொட்டாஷ் கலந்து இடுவது வழக்கம். இந்தப் பொட்டாஷ் உரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி குளோரைடு. மூட்டையிலிருந்து சிந்தும் தூள் வண்டித் தளத்தின் இடுக்குகளில் தங்கி, பனி ஈரத்தில் கரைந்து இரும்பை அரிக்கிறது. குளிர் நாடுகளில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அங்கே கார்களின் அடிப்பாகத்தை அந்த உப்பு தின்கிறது. இங்கே அதே வேலையை உரம் செய்கிறது.

உருளைக்கிழங்கு பயிரிட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். போர்டோ கலவையில் கத்தியை நனைத்துப் பார்த்து, அதில் செம்பழுப்புப் படிந்தால் மேலும் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். கத்தியில் செம்பு படியும்போது அந்த அளவுக்கு இரும்பு கரைகிறது. மயில்துத்தக் கரைசல் வண்டித் தளத்தில் சிந்தினாலும் இதேதான் நடக்கும்.

துருவை எடுக்கும் முறை

முதலில் அடிப்புறத்தில் அப்பியுள்ள சேற்றை நீரடித்துக் கழுவ வேண்டும். சேஸில் நீர் வடிவதற்கு உள்ள துளைகளைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். பிறகு சிறு சுத்தியலால் சேஸ் முழுவதையும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். அரித்த பகுதியை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை, தேர்ந்த வெல்டரைக் கொண்டு பற்றவைக்க வேண்டும். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எரிபொருள் டாங்கை அப்புறப்படுத்துவது கட்டாயம்.

மேலோட்டமான துருவைக் கம்பி பிரஷ்ஷும் எமரித் தாளும் கொண்டு தேய்த்து எடுக்கலாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே முகமூடி அணிவதும், குழந்தைகளை அருகில் விடாதிருப்பதும் அவசியம். கழற்றக்கூடிய சிறிய இரும்புப் பாகங்களை, ஒரு பங்கு கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, ஒன்றிரண்டு வாரம் ஊறவைத்தால் துரு கழன்றுவிடும். மலைக்குளிரில் இன்னும் சில நாட்கள் ஆகலாம். அலுமினியப் பாகங்களை இதில் போடக்கூடாது.

கடும் அமிலத்தை ஊற்றினால் துரு உடனே போகும் என்று சிலர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். தகட்டு இடுக்குகளில் தங்கும் அமிலம் பின்னர் புதிய துருவுக்கு வித்தாகிறது. கழுவிய நீர் ஓடையில் கலந்தால் கீழே உள்ளவர்களுக்கும் கேடு.

தேய்த்த இரும்பை இரவு வெறுமனே விடக்கூடாது. பனியில் காலைக்குள் சிவந்துவிடும். அன்றே பிரைமர் பூச வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வெயில் நாட்களில், காலை 10 மணிக்கு மேல் 3 மணிக்குள் பூசுவது ஏற்றது. இரண்டு பூச்சு, நடுவே நன்றாக உலரவிட்டு, அதன் பிறகே வண்ணம்.

தேய்க்கக் கூடாதவை

துருப்பிடித்த பிரேக் குழாயைத் தேய்த்து வண்ணம் பூசுவது பேராபத்து. அதை மாற்றியே ஆக வேண்டும். பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் பிரேக் முழுவதும் போய்விடும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பின்னால் இலை மூட்டையின் மேல் கொழுந்து பறிக்கும் பெண்கள் அமர்ந்திருக்கும்போது குழாய் வெடித்தால், புது வண்ணம் அவர்களைக் காப்பாற்றாது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி, குழாயை உள்ளிருந்தும் அரிக்கும். அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

அடிப்புறத்தில் கழிவு எஞ்சின் எண்ணெய் அடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அது ரப்பர் பாகங்களைக் கெடுக்கிறது. மண்ணிலும் ஓடையிலும் சொட்டுகிறது. அதற்கென உள்ள மெழுகுப் பூச்சு சற்று விலை கூடினாலும் நின்று பயன் தரும்.

சேஸ் பல இடங்களில் உள்ளீடற்றுப் போயிருந்தால் அந்த வண்டிக்கு மேலும் செலவிடாமல் கைவிடுவதே லாபம். சொந்த வண்டிக்கு 15 ஆண்டுகளுக்குப் பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், தட்டிப் பார்க்கும் சோதனையை அதற்கு முன்பே செய்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

சேஸ் நன்றாக இருக்கும் வண்டிக்குப் பெரிய வைத்தியம் தேவையில்லை. உரம் இறக்கிய அன்றே நாலு வாளித் தண்ணீர் ஊற்றித் தளத்தையும் அடிப்புறத்தையும் கழுவி, சாக்கு எதையும் ஈரத்தோடு உள்ளே விட்டுவைக்காமல், கூரையின்கீழ் நிறுத்தினால் போதும். ஏர் பிடித்த மாட்டை அந்தியில் கழுவிக் கட்டும் விவசாயிக்கு இது புதிய வேலையன்று.