மறுபடியும் மஸ்கெலியா

கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆண்டு விழாவுக்கு எம்மை அழைத்திருந்தனர். பேச்சு முடிந்ததும், மாணவர்கள் கேள்வி கேட்கலாம் என்று தலைமையாசிரியர் அறிவித்துவிட்டார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, நீங்கள் பார்த்த வெளிநாட்டு நகரங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?" என்று வினவினான். சிங்கப்பூர் என்றோ இலண்டன் என்றோ விடை வருமென்று சபை காத்திருந்தது. நாம் சற்றும் யோசியாமல், "மஸ்கெலியா" என்றோம். பையன் விழித்தான். பின்வரிசையில் இருந்த நாலைந்து முதியவர்கள் மாத்திரம் சிரித்தார்கள். அவர்களும் எம்மைப் போலக் கப்பலில் வந்தவர்கள்.

கண்டிப்பாகச் சொல்லப்போனால் மஸ்கெலியா ஒரு நகரமே அன்று. மலைச்சரிவில் ஒரு கடைத்தெரு, பஸ் நிற்குமிடம், கோயில், பள்ளிக்கூடம், சுற்றிலும் தேயிலை. தோட்டத்து மக்கள் அதை 'டவுன்' என்று அழைப்பதனால் அதற்கு நகரப் பட்டம் கிடைத்தது. ஆனால் அது வெளிநாடு என்பதில் ஐயமில்லை. எமது கடவுச்சீட்டில் பிறந்த இடம் மஸ்கெலியா என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த இடத்துக்குப் போவதற்கு நாம் விசா எடுக்கவேண்டியிருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இளம் உத்தியோகஸ்தர் ஒருவர் அந்த வரியைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார், மீண்டும் அந்த வரியைப் பார்த்தார். "சுற்றுலாவா?" என்று கேட்டார். "ஆம்" என்றோம். விசாவில் அப்படித்தான் எழுதியிருந்தது.

இது எமது இரண்டாவது பிரயாணம். முதன்முறை 2011-ஆம் ஆண்டில் எமது தமையனாருடன் போனோம். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இரு கிழவர்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஹட்டனில் இறங்கியதை இப்பொழுது நினைத்தாலும் நகைப்பு உண்டாகிறது. அண்ணனுக்கு எம்மைவிட நாலு வயது கூடுதல். ஆகவே எந்த விஷயத்திலும் தம்முடைய ஞாபகமே சரியென்பது அவர் கட்சி. நாம் அதை ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. பிரயாணம் முழுவதும் வழக்குத்தான். அவர் மறைந்த மறு ஆண்டில், பங்குனி மாதத்தில், நாம் தனியே புறப்பட்டோம். அண்ணன் மகன் தடுத்தான். வயது எழுபதைக் கடந்தவர் தனியே அயல்நாடு போவது தகாது என்றான். மாத்திரைகளை வேளைவாரியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, இரவு தோறும் தொலைபேசியில் பேசவேண்டும் என்ற நிபந்தனையின்மேல் விடை கொடுத்தான்.

தனியே போகும் முதியவருக்குச் சில சௌகரியங்கள் உண்டு. பஸ்ஸில் முன் ஆசனம் கிடைக்கும். கடைக்காரர் அருகே வந்து உட்கார்ந்து பேசுவார். அசௌகரியம் ஒன்றே: ஜன்னலுக்கு வெளியே எதையாவது கண்டு, "அதோ பார்" என்று சொல்லத் திரும்பினால் அங்கே வேறொருவர் உட்கார்ந்திருப்பார். கொழும்பிலிருந்து ஹட்டன் வரை இரயிலில் எமக்கு இது மூன்று முறை நேர்ந்தது.

ஹட்டனுக்கு இரயில் வந்தது 1884-இல். தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை அது. ஆனால் எம்மவருக்கு அந்த நிலையம் வேறொன்றை நினைவூட்டுவது. அங்கிருந்துதான் தலைமன்னாருக்குப் போகும் வண்டி ஏறினோம். வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் கட்டியழுத காரணத்தால் மக்கள் அதை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர். 1971-இல் நாம் ஏறியபோது எமது அன்னை அழவில்லை. மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதனால் இராமேசுவரத்தில் இறக்கினார்கள், பிறகு மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. தேயிலையை விட்டு வந்தவர்களைத் தேயிலைக்கே அனுப்பினார்கள்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பஸ் போகிறது. காசல்ரீ நீர்த்தேக்கம் வழியில் கூடவே வருகிறது. அன்று அதன் கரைகள் செம்மண்ணாகத் தெரிந்தன. நீர் வெகுவாக இறங்கியிருந்தது. அப்பொழுதே எமக்கு நெஞ்சு சற்று விரைவாக அடித்தது. காசல்ரீ இறங்கியிருந்தால் மவுசாகலையும் இறங்கியிருக்க வேண்டும்.

மவுசாகலை அணையை 1969-இல் கட்டினார்கள். நாம் வளர்ந்த பழைய மஸ்கெலியா டவுன் அந்த நீருக்கடியிலேயே கிடக்கிறது. கடைகளும் வீடுகளும் பெயர்த்து மேட்டுக்குக் கொண்டுபோகப்பட்டன. இப்பொழுது மஸ்கெலியா என்று பெயர் தாங்கி நிற்பது அந்தப் புதிய ஊர். மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918-லேயே எடுத்துச் சொன்னார். அதன் பயனாக எழுந்தவையே இந்தத் தேக்கங்கள். மவுசாகலை நீர் சுரங்கவழியே கெனியன் மின்நிலையத்துக்குப் போகிறது. அடுத்து நவ லக்சபானவில் சுழல்கிறது. பொல்பிட்டியில் மூன்றாம் முறை சுழன்று களனி கங்கையாகிக் கொழும்பருகே கடலிற் சேர்கிறது. நல்ல காரியந்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஊரைக் கொடுத்த பிறகும், நாம் கப்பலேறும் நாள் வரையில், எமது லயத்தில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கே.

முதலில் தோட்டத்துக்கு நடந்தோம். நாம் பிறந்த லயக் காம்பராவில் இப்பொழுது வேறொரு குடும்பம் இருக்கிறது. முன்பு புகை படிந்த சுவரில் இன்று நீல வர்ணம். கூரையில் தொலைக்காட்சித் தட்டு. அம்மாளும் ஐயாவும் மலைக்குப் போயிருந்தார்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள், எம்மை உட்காரவைத்துப் பிளேன்டீ கொடுத்தாள்.

"இந்தியாவுல எங்க இருக்கீங்க தாத்தா?"

"நீலகிரியில்."

"அங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"வீட்டில் எல்லாரும் தேயிலைத் தோட்டத்திலேதான். நான் பிறகு படித்து வாத்தியாரானேன்."

அவள் சற்று யோசித்தாள். "அப்ப இங்கேயே இருந்திருக்கலாமே?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை; கணக்கில் ஒரு வரி விடுபட்டதுபோல் கேட்டாள். அவளுடைய பாடப் புத்தகத்தில் இது எவ்வளவு இருக்கிறதோ அறியோம். எமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவராகாமற் போனார்கள். 1964 அக்டோபர் 30-ஆந் தேதி புதுடில்லியில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர், இலங்கைக்கு 3 இலட்சம் பேர். மீதி ஒன்றரை இலட்சத்தைப் பின்னொரு நாள் பார்த்துக்கொள்வதென்று விட்டார்கள். 1974-இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் வந்தது. அதற்குள் எம்மில் பலர் இராமேசுவரம் இறங்கி ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

"உங்களைக் கேட்டாங்களா?" என்றாள் அப்பெண்.

மனு எழுதிக் கொடுத்தது தந்தையார்தாம். யாரும் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. ஆனால் இங்கே பிரஜாவுரிமை கிடைக்குமா, கிடைக்காதா என்று ஆண்டாண்டாகக் காத்திருந்தவர், பிள்ளைகளுக்காவது ஒரு காகிதம் வேண்டுமென்று இந்தியாவுக்கு எழுதினார். அதைக் கேட்டது என்று சொல்வதா, கேட்கவில்லை என்று சொல்வதா? நாம் சொல்லத் தெரியாமல் தேநீரைக் குடித்தோம். கோத்தகிரியில் எம்மைச் 'சிலோன்காரர்' என்பார்கள். அன்று அப்பெண் அடுத்த காம்பராப் பாட்டியை அழைத்து, "இந்தியாக்காரத் தாத்தா வந்திருக்காரு" என்றாள்.

பிற்பகலில் நீர்த்தேக்கத்துக்கு இறங்கினோம். 2011-இல் நாம் வந்தது ஐப்பசி மாதம். நீர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. கரையில் நின்ற அண்ணன் கைத்தடியை நீட்டி, "அதோ, அங்கே கோயில். அதற்குப் பக்கத்தில் பாண் கடை" என்றார். "பக்கத்திலா? கோயில் ஒரு கோடி, பாண் கடை மறு கோடி" என்றோம் நாம். சம்பள நாளன்று தந்தையார் எங்கள் இருவரையும் டவுனுக்கு அழைத்துவருவார். கோயிலில் கும்பிட்ட பிறகு கடையில் ஓர் இறாத்தல் பாணும் எமக்கு ஆளுக்கொரு பணிசும் வாங்குவார். கோயிலிலிருந்து அந்தக் கடைக்குப் போகும் வழி எத்தனை நீளம் என்பது எமக்கு நன்றாக நினைவிருந்தது. கால் வலித்தது கூட நினைவிருந்தது. "நூறு காலடி கூட இராது. நீ சின்னப்பயல், பணிசை நினைத்துக்கொண்டே நடந்தாய், அதனால் நீண்டது" என்றார் அண்ணன். நீருக்குள் எதையோ தவறவிட்டு விட்டோமென்று எண்ணி ஒருவர் வந்து விசாரிக்கும் அளவுக்கு வழக்கு முற்றியது. பஸ்ஸிலும், விமானத்திலும், கோத்தகிரி வந்த பிறகு பல தீபாவளிகளிலும் அந்த வழக்குத் தீரவில்லை.

இம்முறை தண்ணீர் இல்லை. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன் நடுவே கோயிலின் எஞ்சிய கட்டடம் நின்றது. அப்பால் பௌத்த விகாரையின் சிதைவு, பள்ளிவாசலின் சிதைவு. வறட்சிக் காலத்தில் இம்மூன்றும் நீரைவிட்டு வெளிவருவதுண்டு என்று நாம் பத்திரிகையில் படித்திருந்தோம், படத்திலும் கண்டிருந்தோம். நேரிற் கண்டபோது எம்மைத் திகைக்கவைத்தது அவற்றின் சிறுமை. நாம் நிமிர்ந்து பார்த்த வாயில், இப்பொழுது எமது தோளுக்குச் சற்று மேலே இருந்தது. பாதிக்குமேல் வண்டல் மூடியிருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று சிறிது தயங்கினோம். கழற்றினோம்.

அருகே வலை உலர்த்திக்கொண்டிருந்த வாலிபர், "ஐயா எந்த ஊரு?" என்றார்.

"இந்த ஊர்தான்" என்று நிலத்தைக் காட்டினோம்.

அவருக்கு விளங்க ஒரு கணம் சென்றது. பிறகு வலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். பழைய டவுனை அவர் கண்டவரல்லர். ஆனால் நீர் இறங்கும்போதெல்லாம் அவருடைய பாட்டனார் அவரை அழைத்துவந்து இடமிடமாகக் காட்டியிருக்கிறார். அஸ்திவாரக் கற்களை ஒவ்வொன்றாக எமக்குக் காட்டினார். இது துணிக்கடை; இது மருந்துக்கடை. கருகிய செங்கற்கள் அரைவட்டமாகக் குவிந்து கிடந்த ஓரிடத்தில் நின்று, "இது பாண் போறணை. தாத்தா சொல்லுவாரு" என்றார்.

நாம் ஒன்றும் பேசாமல் கோயில் வாசலுக்குத் திரும்பிப் போனோம். அங்கிருந்து எண்ணத் தொடங்கினோம். வெடிப்புகளில் கால் அகப்படாமல் மெல்ல நடக்கவேண்டியிருந்தது. கிழவருடைய காலடி வேறு குறுகியது. எண்பத்துநான்கு. நம்பிக்கையின்றி மறுபடி போய் எண்ணினோம். எண்பத்தாறு.

வாலிபர் எம்மை வினோதமாகப் பார்த்தார். அவரிடம் சொல்லலாமென்று வாயெடுத்தோம். எங்கிருந்து தொடங்குவது? சம்பள நாளிலிருந்தா, பணிசிலிருந்தா, தீபாவளிகளிலிருந்தா? அரை நூற்றாண்டு உறுதியாகப் பற்றியிருந்த அந்த நீண்ட வழி, ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் இடையில் கால் வலிக்க நடந்த வழி, இல்லவே இல்லை. அண்ணன் உயிரோடிருந்தால் நாம் தோல்வியை ஒப்புக்கொண்டிருக்கமாட்டோம். வாலிபருடைய பாட்டனார் இடத்தைத் தவறாகக் காட்டியிருக்கலாம் என்று வாதித்திருப்போம். வாதிக்க ஆளில்லாதபோது ஒப்புக்கொள்வது மிகச் சுலபமாக இருந்தது. அது எமக்குப் பிடிக்கவில்லை.

பொழுது சாயுமுன் மேட்டுக்கு ஏறினோம். சிவனொளிபாதமலைக்குப் பருவகாலமாதலால் நல்லதண்ணி போகும் பஸ்கள் யாத்திரிகர்களை அடைத்துக்கொண்டு சென்றன. புதிய டவுனில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்து இரண்டு பணிஸ் வாங்கினோம். ஒன்றைத் தின்றோம், மற்றதை ஏன் வாங்கினோமென்று தெரியாமல் பையில் வைத்துக்கொண்டோம்.

இரவு ஹட்டன் விடுதியிலிருந்து அண்ணன் மகனைத் தொலைபேசியில் அழைத்தோம்.

"உன் அப்பா சொன்னதே சரி" என்றோம்.

"எதைப் பத்தி, சித்தப்பா?"

"பாண் கடையைப் பற்றி. நூறு காலடி இல்லை."

சிறிது நேரம் மறுமுனையில் சத்தமில்லை. "சரி சித்தப்பா" என்றான். "மாத்திரை போட்டீங்களா?"

இல்லையென்று அப்பொழுதுதான் நினைவு வந்தது. பணிசைத் தின்றுவிட்டுப் போட்டுக்கொண்டோம்.