துணை நடிகரா? யாருக்குத் துணை?

கினிகத்தேனையிலிருந்து கொழும்பு வீதியில் இறங்கினால் கித்துல்கல. 1957இல் வெளியான ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தின் பாலம் அங்கேதான், களனி கங்கையின் மேல் கட்டப்பட்டது. அவ்விடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அலெக் கின்னஸின் பெயரைச் சொல்வார்கள். ஜப்பானியத் தளபதி சைட்டோவாக நடித்த செசூ ஹயகாவாவை நினைப்பவர் அரிது. அந்தத் தளபதியின் பிடிவாதம் இல்லையேல் கின்னஸின் பிடிவாதத்துக்கு ஏது பெறுமதி? கின்னஸ் ஒஸ்கார் பெற்றார். ஹயகாவா துணை நடிகருக்கான பரிந்துரையோடு நின்றார்.

ஹொலிவூட் கிடக்கட்டும். நம்மவர் செய்வதைப் பார்ப்போம்.

2024 நவம்பரில், 80 வயதில், டெல்லி கணேஷ் மறைந்தார். இந்திய விமானப்படையில் பத்தாண்டுகள், டெல்லியில் தமிழ் நாடக மேடை, பின்னர் கே. பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ (1977). நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். தொலைக்காட்சித் தொடர்கள் வேறு. இத்தனையையும் ‘துணை நடிகர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மடித்து வைக்கும் பத்திரிகைச் சோம்பலை என்னால் சகிக்க முடியவில்லை. (நானும் அதே தொழிலில்தான் நரைத்தவன்.)

‘சிந்து பைரவி’யை (1985) எடுத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்த மிருதங்க வித்துவானைப் பொறுக்காத பாடகர், பின்னர் தாமே குடியில் வீழ்கிறார். அந்த வீழ்ச்சியின் ஆழத்தை நாம் அளப்பது அந்த மிருதங்கக்காரரை வைத்துத்தானே! அவர் இல்லாவிட்டால் அது வெறும் குடிகாரன் கதை. யார் யாருக்குத் துணை?

துரையின் ‘பசி’யில் (1979) ரிக்‌ஷாக்காரத் தந்தை அவர். மகளாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது. தந்தைக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு. தேசிய விருதுகளில் துணை நடிகருக்கென்றே 1984இல் ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதற்குப் பின் நாற்பதாண்டுகள் அவர் வாழ்ந்தார். டெல்லியைப் பெயரிலேயே சுமந்தவருக்கு டெல்லி அந்த விருதை ஒருமுறையேனும் கொடுக்கவில்லை.

‘மைக்கேல் மதன காமராஜ’னில் (1990) கமல்ஹாசனின் நான்கு வேடங்களையும் விரல்விட்டுச் சொல்கிறோம். அச்சமையற்கட்டில் பாலக்காட்டுத் தமிழை அத்தனை இயல்பாகப் பேசிய மணி ஐயர், தூத்துக்குடிச் சீமையின் வல்லநாட்டுக்காரர் என்பதை எத்தனை இரங்கற் குறிப்புகள் எழுதின?