திரைக்கு வந்த கதைகளும் திரையரங்கின் வாசலும்

2012 ஆகஸ்ட் 15 அன்று பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ வெளியானது. அதன்பின் 2014இல் ‘மெட்ராஸ்’, 2018இல் ‘காலா’, அதே ஆண்டில் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’, 2021இல் ‘கர்ணன்’, 2025 தீபாவளிக்கு ‘பைசன்’. தலித் திரைப்படம் குறித்த எந்தக் கட்டுரையும் இந்தப் பட்டியலைத் தவிர்ப்பதில்லை. எவருடைய கதை திரையில் ஓடியது என்பதை அது சொல்கிறது. அத்திரைக்கு முன்னால் உட்கார எவருக்கு இடம் கிடைத்தது என்ற கணக்கை நாம் வைத்துக்கொண்டதில்லை.

2021 நவம்பரில் வந்த ‘ஜெய் பீம்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். காவல் துறையின் சித்திரவதைக்கு உள்ளான இருளர் குடும்பத்தின் கதை அது. தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு மாவட்டமெங்கும் இருளர் குடியிருப்புகள் உள்ளன. வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. ஆனால் திரையரங்குகள் திறந்திருந்த அந்த நாளில் படம் அமேசான் பிரைமில் மட்டுமே வெளியானது. சந்தா, நல்ல கைப்பேசி, இணைய வசதி ஆகிய மூன்றும் இருந்தால்தான் இருளர் தம் கதையைப் பார்க்க முடியும். அதே ஆண்டு ஜூலையில் ‘சார்பட்டா பரம்பரை’யும் இணையத்தில்தான் வந்தது, அதற்குக் கொரோனா அடைப்பு என்ற காரணமாவது இருந்தது.

சரி, திரையரங்குக்கே வந்த படத்துக்கு என்ன நேர்ந்தது? 2023 மார்ச் 30 அன்று கோயம்பேடு ரோகிணி திரையரங்கில், ‘பத்து தல’ படத்துக்குக் கையில் நுழைவுச்சீட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பம் வாசலில் தடுக்கப்பட்டது. காணொளி பரவி எதிர்ப்பு எழுந்த பிறகு நிர்வாகம் தந்த விளக்கம்: படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, உடன் வந்த குழந்தைகள் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர். யு/ஏ என்பது பெற்றோரின் வழிகாட்டுதலுக்கான குறிப்பு; பெற்றோருடன் வரும் பிள்ளையைத் தடுக்கும் தடையுத்தரவு அன்று. விடுமுறை நாளில் எந்தத் திரையரங்கிலும் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களைப் பார்க்கலாம். அவர்களிடம் எவரும் வயதுச் சான்று கேட்பதில்லை.

ஊழியர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். ஓராண்டு முன்னர் இது நடந்திருந்தால் அச்சட்டம் அவர்களுக்குக் கைகொடுத்திருக்காது. இத்தனைக்கும் பொதுக் கேளிக்கை இடங்களில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என அரசமைப்பின் 15(2) பிரிவு 1950 முதல் சொல்லி வருகிறது. 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதைத் தனிக் குற்றமாகவே வரையறுக்கிறது.

தாம்பரத்தில் வித்யா, குரோம்பேட்டையில் வெற்றி எனத் தென்புறநகருக்கும் தனக்கெனத் திரையரங்குகள் உண்டு. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு எழுபது வார்டுகள். மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2022இல் வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயரானார். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கேளிக்கை வரி உள்ளாட்சிகளுக்கே உரியது. ஒவ்வொரு நுழைவுச்சீட்டிலும் பங்கு பெறும் மாநகராட்சி, வாசலில் எவர் தடுக்கப்படுகிறார் என்று கேட்பது அத்துமீறல் ஆகாது. 15(2) பிரிவையும் யு/ஏ குறியீட்டின் உண்மைப் பொருளையும் தமிழில் எழுதிய பலகையைச் சீட்டு வழங்குமிடத்தில் வைக்கக் கோரும் தீர்மானத்தை எந்த வார்டு உறுப்பினரும் மன்றத்தில் முன்மொழியலாம்.